சித்தி அனுப்பிய சீனிக் குளிசைகளும் சீசர் காயமும்

வாசகர் கடிதம்:

"வணக்கம் டொக்டர். நான் சாம்பல்தீவில் இருந்து எழுதுகிறேன். வயது 28, இது முதல் பிள்ளை. ஒரு இரவு முழுக்க வலியோடு கிடந்தேன். விடியற்காலையில் பிள்ளையின் துடிப்புக் குறைகிறது என்று சொல்லி அவசரமாக சீசர் செய்தார்கள். இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். சென்னையில் இருக்கும் என் சித்தி ஹோமியோபதியில் நல்ல நம்பிக்கை உள்ளவர். தெரிந்த ஆளிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறார். அதில் ஆர்னிக்கா 200, பெல்லிஸ் பெரன்னிஸ் 30, ஸ்டாபிசாக்ரியா 30 என்று மூன்று போத்தல் சீனி உருண்டை இருக்கிறது. காயத்தில் பூசச் சொல்லி கலண்டுலா தாய்த்திரவமும், பிள்ளை வயிற்றுக்குத்தால் அழுதால் கொடுக்கச் சொல்லி ஒரு சின்னப் போத்தலும் உண்டு. இங்கிலிஷ் மருந்து பாலில் இறங்கும், அதை நிறுத்திவிட்டு இதைக் குடி, உள்ளியும் கோப்பியும் தொடாதே என்று சித்தி சொல்கிறார். உள்ளி இல்லாமல் பிள்ளைப்பெற்றவளுக்கு என்ன கறி என்று அம்மா கேட்கிறார். நான் பனடோலை நிறுத்திவிட்டேன். அன்டிபயோட்டிக்கிலும் கடைசி நாள் குளிசையைப் போடவில்லை. இந்த மருந்துகளைக் குடிக்கலாமா? பாலுக்கு ஏதும் செய்யுமா? காயத்துக்கு மேலே தொட்டால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. இடது பக்க ஓரத்தில் இரண்டு நாளாகக் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது, வியர்வையாக இருக்கலாம்."

தங்கச்சி, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதுதான் எனக்கு முதலாவதாகப் பட்டது. கடிதம் கிடைத்த அன்றே, "அந்த ஈரத்தை நாளைக்கே போய்க் காட்டுங்கள்" என்று சுருக்கமாகப் பதில் அனுப்பியிருந்தேன். நீங்கள் போய்க் காட்டியதாகவும், ஓரத்தில் நூலளவு திறந்திருந்ததால் மருந்து கட்டி, திரும்பவும் அன்டிபயோட்டிக் தந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். நல்லது. அதனால் மற்றவற்றை ஆறுதலாக எழுதலாம்.

ஈரத்துக்கு ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்றால், சீசர் காயம் பழுதாவது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஆஸ்பத்திரி வோட்டில் இருக்கும் நாட்களில் காயம் அழகாகத் தெரியும். ஒரு கிழமை, பத்து நாள் போன பிறகு ஓரம் சிவக்கும், சூடாகும், நீர் கசியும். நம் ஊரில் கச்சான் அடிக்கும் மாதங்களில் மத்தியானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சீசர் வெட்டு இருப்பது அடிவயிற்று மடிப்புக்குள். பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு வயிறு தொய்ந்து அந்த மடிப்பை மூடிக்கொள்ளும். வியர்வையும் அங்கேதான் தங்கும். வியர்வையும் கசிவும் வேறு வேறு என்று நீங்கள் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். ஒரு சுத்தமான வெள்ளைத் துணியை ஒற்றிப் பாருங்கள். மஞ்சளாகவோ இரத்தக் கறையாகவோ தெரிந்தால், அல்லது மணத்தால், அது வியர்வை இல்லை.

சரி, இனிப் பெட்டிக்கு வருவோம்.

முதலில் அந்த உருண்டைகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஹோமியோபதியைத் தொடங்கியவர் சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மன் வைத்தியர். 1796 இல் தன் கொள்கையை எழுதினார். ஒரு பொருள் சுகமான ஆளிடம் எந்த அறிகுறியை உண்டாக்குகிறதோ, அதே அறிகுறியோடு வரும் நோயாளிக்கு அதையே மிகமிகச் சிறிய அளவில் கொடுக்கவேண்டும் என்பது கொள்கை. போத்தலில் 30, 200 என்று போட்டிருப்பது எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு அல்ல, எத்தனை தடவை ஐதாக்கினார்கள் என்ற கணக்கு. ஒரு சொட்டு மூலமருந்தை 99 சொட்டுத் தண்ணீரிலோ மதுசாரத்திலோ விட்டுக் குலுக்குவார்கள். அது 1. அதில் ஒரு சொட்டை எடுத்துத் திரும்பவும் 99 சொட்டில் விட்டால் 2. இப்படி 30 தடவை, 200 தடவை. பதின்மூன்றாவது தடவையிலேயே, முதல் சொட்டு முழுவதையும் அந்த அளவுக்கு ஐதாக்குவதென்றால் இந்து சமுத்திரத்தில் உள்ள தண்ணீர் முழுவதும் போதாது. பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு இல்லை என்பது இரசாயனக் கணக்கு. கடைசியில் அந்தத் திரவத்தைச் சீனி உருண்டையில் தெளித்துக் காயவைக்கிறார்கள்.

ஆகவே பாலில் ஏதும் இறங்குமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் சுலபம். ஆர்னிக்கா 200 இல் பாலில் இறங்க எதுவும் இல்லை. உங்கள் உடம்பில் வேலை செய்யவும் எதுவும் இல்லை என்பதுதான் அதன் மறுபக்கம். குலுக்கும்போது மருந்தின் தன்மை தண்ணீரில் பதிந்துவிடுகிறது என்று ஹோமியோபதி வைத்தியர்கள் சொல்வார்கள். அப்படிப் பதிந்தால் நோயாளிகளிடம் பலன் தெரியவேண்டும் அல்லவா? அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிச் சபை இருக்கிற ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்து 2015 இல் வெளியிட்ட அறிக்கையில், ஹோமியோபதியால் குணமாகிறது என்று நம்பத்தகுந்த ஆதாரத்தோடு சொல்லக்கூடிய நோய் ஒன்றுமில்லை என்று எழுதியது. இங்கிலாந்தின் அரச சுகாதார சேவை 2017 இல் குடும்ப வைத்தியர்கள் ஹோமியோபதி மருந்து எழுதுவதை நிறுத்தும்படி சொன்னது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஆர்னிக்காவும் பெல்லிஸும் கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. இஸ்ரேலில் 40 பெண்களை வைத்துச் செய்து 2005 இல் வெளிவந்தது. சின்ன ஆய்வு. செய்தவர்களே அதை ஆரம்பகட்ட முடிவு என்றுதான் பெயரிட்டார்கள். அதை வைத்து யாருக்கும் மருந்து எழுத முடியாது.

சித்தியைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்தியாவில் ஹோமியோபதிக்குக் கல்லூரிகள் இருக்கின்றன, அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியர்கள் இருக்கிறார்கள், அதையும் ஆயுர்வேதம், சித்தம் போன்றவற்றையும் கவனிக்க ஒரு அமைச்சே இருக்கிறது. அங்கே வளர்ந்த ஒருவர் அதை நம்புவதில் ஆச்சரியம் இல்லை. இலங்கையிலும் 1970 இலேயே ஹோமியோபதிக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனாலும் நம் பக்கத்தில் அது அவ்வளவாகப் பரவவில்லை. இங்கே நாட்டு மருந்து என்றால் சித்த மருத்துவம்தான். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் அதற்குப் படிப்பும் இருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஒன்றல்ல. மூலிகைக் கஷாயத்தில் பொருள் இருக்கிறது. அதனால் அது வேலையும் செய்யலாம், கூடினால் கெடுதலும் செய்யலாம், மற்ற மருந்தோடு மோதவும் செய்யலாம். முப்பது தடவை ஐதாக்கிய உருண்டையில் அந்த நன்மையும் இல்லை, அந்தப் பயமும் இல்லை.

அப்படியானால் குடித்தால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று போத்தல் உருண்டையை நீங்கள் குடிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அதற்காக எதை நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் சண்டை. நீங்கள் பனடோலையும் நிறுத்தி, அன்டிபயோட்டிக்கையும் மிச்சம் விட்டிருக்கிறீர்கள். பாலில் இறங்கும் என்ற பயத்தில் எத்தனையோ தாய்மார் இதைச் செய்கிறார்கள். பனடோல் என்ற பரசிற்றமோல் பாலில் இறங்குவது உண்மைதான், ஆனால் மிகச் சொற்பம். பிள்ளைக்கே காய்ச்சல் என்றால் நாங்கள் கொடுக்கும் மருந்து அது. பாலில் போவது அந்த அளவைவிட எவ்வளவோ குறைவு. 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போடலாம். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். டைக்ளோபெனக் எழுதித் தந்திருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், அதுவும் பால் கொடுப்பவர்களுக்குத் தருகிற மருந்துதான். அல்சரோ சிறுநீரகப் பிரச்சினையோ மூச்சிழுப்போ இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நோவைப் பொறுத்துக்கொள்வது பெரிய விஷயம் என்று நம் ஆட்களுக்கு ஒரு எண்ணம். சீசருக்குப் பிறகு அது நல்லதல்ல. நோவோடு இருக்கும் தாய் எழும்பி நடக்கமாட்டாள், இழுத்து மூச்சுவிடமாட்டாள், இருமலை அடக்குவாள், பிள்ளையை மார்பில் சரியாகப் பிடிக்கமாட்டாள். நடக்காமல் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து கூடுகிறது. நோவு குளிசை போடுவதே நீங்கள் எழும்பி நடப்பதற்குத்தான்.

இனி, பெட்டியில் உள்ள மற்ற இரண்டு. இவற்றில் நான் இவ்வளவு தாராளமாக இருக்கமாட்டேன்.

கலண்டுலா தாய்த்திரவம் என்பது ஐதாக்காத சாறு, அதிலே பெரும்பகுதி மதுசாரம். திறந்திருக்கும் காயத்தில் விட்டால் உயிர் போகிற எரிவு எரியும், புதிதாக வளரும் தோலையும் கெடுக்கும். காயத்தில் பூசவே வேண்டாம். ஆர்னிக்கா களிம்பு யாராவது கொண்டுவந்தாலும் அதேதான். தோல் மூடாத இடத்தில் அதைப் பூசக்கூடாது. இன்னொரு விஷயம். ஆர்னிக்காவின் தாய்த்திரவமோ செடியோ கையில் கிடைத்தால் வாயில் வைக்கவே வேண்டாம். அந்தச் செடி நஞ்சுள்ளது. ஹோமியோபதி என்று எழுதியிருந்தால் எல்லாம் வெறும் சீனி என்று எண்ணிவிடக்கூடாது. 1, 2, 3 என்று சின்ன எண் போட்ட போத்தல்களிலும் தாய்த்திரவங்களிலும் பொருள் இருக்கும்.

பிள்ளைக்கு அனுப்பிய சின்னப் போத்தலைத் திறக்காமலே தூக்கி வையுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலும், வைத்தியர் தருகிற மருந்தும் தவிர வேறொன்றும் அந்த வாய்க்குள் போகக்கூடாது. 2017 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல் முளைக்கும் குழந்தைகளுக்கு என்று விற்ற ஹோமியோபதிக் குளிசைகளைச் சோதித்தபோது, பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சத்து அளவு மாறி மாறி இருந்தது. சிலவற்றில் லேபலில் போட்டிருந்ததைவிட மிக அதிகம். ஒழுங்காக ஐதாக்கியிருந்தால் ஒன்றுமே இருந்திருக்காது. ஒழுங்காக ஐதாக்கினார்களா என்று உங்கள் வீட்டில் இருந்துகொண்டு எப்படிப் பார்ப்பீர்கள்? பன்னிரண்டு நாள் பிள்ளை சுருண்டு அழுவது பெரும்பாலும் காற்றுக்குத்தான். பால் கொடுத்தபின் தோளில் போட்டுத் தட்டுங்கள். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் என்றாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

இப்போது ஸ்டாபிசாக்ரியா. இதில்தான் நான் கொஞ்ச நேரம் நிற்கவேண்டியிருக்கிறது. கத்தியால் வெட்டிய காயத்துக்கும், அவமானப்பட்டு உள்ளே வைத்துப் புழுங்கும் மனதுக்கும் ஹோமியோபதிக்காரர்கள் இந்த ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள். சீசர் செய்த பெண்ணுக்கு அவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். உருண்டையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மனதிலும் காயம் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியதே, அதில் அவர்கள் எங்களைவிட ஒரு படி மேலே. ஹோமியோபதி வைத்தியர் ஒருவர் முதல் தடவை உட்கார்ந்தால் ஒரு மணித்தியாலம் கதை கேட்பார். எப்படித் தூங்குகிறாய், எதை நினைத்தால் அழுகை வருகிறது, யார் மேல் கோபம் என்று. நாங்கள் வோட்டில் காயத்தைத் திறந்து பார்த்து, "நல்லா இருக்கு" என்று மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். அந்த மருந்தால் சுகமானேன் என்று சொல்லும் பெண்களில் பலர், உண்மையில் ஒருவர் உட்கார்ந்து கேட்டதால் சுகமானவர்கள் என்பது என் அபிப்பிராயம். மற்றது, பன்னிரண்டாம் நாளில் எதைத் தொடங்கினாலும் இருபதாம் நாளில் நோவு குறைந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் போத்தலுக்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

உங்கள் கடிதத்திலும் அந்த மனக்காயம் இருந்தது. "அவசரமாக" என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன நடந்தது, யார் உங்களுக்கு விளக்கினார்கள் என்று ஒன்றும் எழுதவில்லை. பிள்ளை சுகம்தானே, பிறகென்ன என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பிள்ளை சுகமாக இருக்கும்போதே தாய்க்கு மனம் உடைந்திருக்கலாம், இரண்டும் ஒன்றாக நடக்கக்கூடியவைதான். முதல் இரண்டு கிழமை காரணமில்லாமல் கண் கலங்குவது வழக்கம். அதற்கு மேலும் நீண்டால், தூங்கக் கிடைத்தும் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைப் பார்க்க மனம் வராவிட்டால், உங்கள் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லிப் பார்ப்பார்கள். சாகவேண்டும் போலிருக்கிறது என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள். இரவில் என்றால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் சேவை அது.

காயத்துக்கு மேலே மரத்துப்போனது பற்றிக் கேட்டீர்கள். வெட்டும்போது தோலின் சின்ன நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. அவை மெல்ல மெல்ல வளர்ந்து சேர மாதக்கணக்கு ஆகும். இடையில் ஊசி குத்துவது போலவும் கடிப்பது போலவும் இருக்கும். சிலருக்கு ஒரு சின்ன இடம் அப்படியே மரத்து நின்றுவிடும். பயப்பட ஒன்றுமில்லை. தோல் இரண்டு கிழமையில் மூடிக்கொண்டாலும் உள்ளே தசைக்கு மேல் இருக்கும் உறை பலப்பட இன்னும் பல கிழமை வேண்டும். அதுவரைக்கும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, குடம் தூக்குவது வேண்டாம். பிள்ளையின் பாரம்தான் உங்கள் எல்லை. கட்டிலில் இருந்து எழும்பும்போது நேரே நிமிராமல் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள். இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள்.

அடுத்தது உள்ளி. சித்தியின் பெட்டியும் அம்மாவின் சட்டியும் மோதினால் நான் சட்டியின் பக்கம். உள்ளியும் மிளகும் சீரகமும் போட்ட சரக்குக் கறியில் மீனும் இருக்கிறது, மீனில் புரதம் இருக்கிறது, காயம் ஆற அதுதான் வேண்டும். பால் சுறாப் புட்டு, முருங்கையிலை, முட்டை எல்லாம் சாப்பிடுங்கள். அம்மாவிடமும் எனக்கு இரண்டு வழக்கு உண்டு. கிரந்தி, அதாவது புண்ணுக்கு ஆகாத சாப்பாடு என்று சொல்லி ஒவ்வொன்றாகக் குறைத்து கடைசியில் சோறும் ரசமும் மட்டும் மிஞ்சும்படி செய்யவேண்டாம். தண்ணீரையும் கட்டுப்படுத்த வேண்டாம். தண்ணீர் குடித்தால் புண் சீழ் வைக்கும் என்பது பிழை. நம் வெயிலில், பாலும் கொடுத்துக்கொண்டு, தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். சீசர் காயத்தோடு முக்குவதைவிட வேறு தண்டனை வேண்டுமா? பப்பாசிப்பழம் தினமும் சாப்பிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வேது பிடிப்பதும் இலை அவித்த தண்ணீரில் மேல் கழுவுவதும் பரவாயில்லை, ஆனால் கொதிக்கக் கொதிக்க வயிற்றில் அடித்து ஊற்றக்கூடாது. சாதாரணத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு தினமும் குளித்து, காயத்தைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, பத்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் படுத்திருங்கள். இப்போது மருந்து கட்டியிருப்பதால் அந்த இடம் மட்டும் நனையக்கூடாது. முப்பத்தொன்று கழிந்ததும் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெந்நீரில் குளிக்கவைப்போம் என்று யாராவது கிளம்பினால், காயம் முழுக்க மூடி, இரத்தப்போக்கும் நின்ற பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

எந்த மருந்தையும் நம்பி வீட்டில் இருக்கக்கூடாத நிலைகளையும் எழுதிவிடுகிறேன், கணவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், ஒரு மணித்தியாலத்தில் ஒரு துணி நனையும் அளவுக்கு இரத்தம், நாறும் போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சு வாங்குவது, நெஞ்சு நோவு, கண் மங்கலோடு கடும் தலையிடி. தலையிடிதானே என்று படுத்துவிடுவார்கள், ஆனால் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் சில கிழமை வரை பிரஷர் ஏறி வலிப்பு வரலாம். மூச்சு வாங்குவது காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போனதாலும் இருக்கலாம். இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையைச் சித்தியின் பட்டியலில் சேர்த்து நிறுத்தியிருந்தால் இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள். இந்தத் தடவை அன்டிபயோட்டிக்கைக் கடைசிக் குளிசை வரை போடுங்கள். பிள்ளைக்கு மலம் கொஞ்சம் இளகினாலும் அதற்காக நிறுத்தவேண்டாம். சித்தியிடம் உருண்டை வந்து சேர்ந்தது, நன்றி என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே.

பிரசவத்துக்குப் பிந்திய கிளினிக்குக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட் என்ற அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். ஏன் சீசர் செய்தார்கள் என்ற காரணம் அதில் இரண்டொரு சொல்லில் இருக்கும். அதை வைத்தியரிடம் காட்டி, அந்த விடியற்காலை என்ன நடந்தது, அடுத்த பிள்ளைக்கும் வெட்டத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். கேட்க நினைப்பதை முன்பே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால், அங்கே உள்ள நெரிசலில் மறந்துபோகாது.